ஊராட்சி அலுவலகத்தில் தேசியக் கொடி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக அத்திப்பள்ளி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்பவர் வழிநெடுகக் கொடிகளைக் காண்பர். தொழிற்சாலை வாயிலில் நிறுவனத்தின் கொடி; அதற்கு எதிரே தொழிற்சங்கத்தின் கொடி; சிற்றூர்களின் முகப்பில் கட்சிகளின் கொடிகள்; ஜூஜுவாடியைக் கடந்து கர்நாடக எல்லைக்குள் புகுந்ததும் மஞ்சளும் சிவப்புமான கன்னடக் கொடி. இத்தனை கொடிகளுக்கிடையே, ஊராட்சி அலுவலகத்தின் முன்னும் ஒரு கம்பம் நிற்கிறது. அதில் ஏறும் கொடி ஒரு சாராருடையதன்று, ஊரார் அனைவருடையது. ஆயினும் அதனை ஏற்றும் முறையையும் இறக்கும் முறையையும் அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலரே என்பதை நாம் சுற்றுப்பயணங்களில் கண்டு வருகிறோம்.

ஓராண்டு அக்டோபர் மாதத்தில் நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் இங்கு வேண்டா. ஆகஸ்டு 15 அன்று ஏற்றப்பட்ட கொடி அன்றும் கம்பத்திலேயே இருந்தது. காற்றில் அடிபட்டு ஓரம் நார் நாராய்க் கிழிந்திருந்தது. லாரிப் புகையில் வெண்மை நிறம் சாம்பல் நிறமாகியிருந்தது. காரணம் வினவியபோது ஊராட்சிச் செயலர் தயக்கத்துடன் கூறினார்: "கழற்றி என்ன செய்வதென்று தெரியவில்லை ஐயா. எரித்தால் வழக்கு வரும் என்கிறார்கள். அதனால் அப்படியே விட்டுவிட்டோம்." அவரிடத்தில் அலட்சியம் இருந்ததாக நாம் கருதவில்லை, அச்சமே இருந்தது. அறியாமையால் விளையும் அவ்வச்சத்தைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதிகள் எங்கிருந்து வந்தன?

நம் மூவண்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட நாள் 1947 ஜூலை 22. கொடியின் மதிப்பைக் காக்க 1971-இல் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பொது இடத்திலோ, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரித்தல், கிழித்தல், மிதித்தல் முதலிய அவமதிப்புச் செயல்களுக்கு மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது.

முன்னாளில் பொதுமக்கள் தம் இல்லங்களில் எல்லா நாட்களிலும் தேசியக் கொடியைப் பறக்கவிட இயலாதிருந்தது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித் தொகுப்பு அக்கட்டுப்பாட்டை நீக்கியது. மரியாதையுடன் கொடியைப் பறக்கவிடுவது குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமும் 2004 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதன்பின் இரு திருத்தங்கள் வந்தன. 2021 டிசம்பரில் செய்த திருத்தத்தின்படி, கையால் நூற்று நெய்த துணியால் மட்டுமன்றி, இயந்திரத்தில் நெய்த துணியாலும், பாலியெஸ்டர் துணியாலும் கொடி செய்யலாம். 2022 ஜூலையில் செய்த திருத்தத்தின்படி, திறந்த வெளியிலும் பொதுமக்கள் இல்லங்களிலும் கொடி இரவும் பகலும் பறக்கலாம்.

இரண்டாவது திருத்தத்தைக் கேள்வியுற்ற நம் ஊராட்சியினர் பலர், "இனி இறக்கவே வேண்டாமாம்" என்று எண்ணிக்கொண்டனர். இது பிழையான எண்ணம். வழக்கமாகக் கொடி பறக்கும் அரசுப் பொதுக் கட்டடங்களுக்குத் தனி விதி உண்டு. அங்கே சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை கொடி பறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாயினும் விடுமுறையாயினும் பறக்க வேண்டும். மழை பெய்தாலும் காற்றடித்தாலும் பறக்க வேண்டும். இரவில் பறக்கவிடுவது மிகச் சிறப்பான தருணங்களுக்கு மட்டுமே உரியது.

நாள்தோறுமா, தேசிய நாட்களிலா?

இங்கு ஊராட்சி அங்கத்தினர்கள் ஒன்றை நன்கு சிந்திக்க வேண்டும். பொதுவாக நாள்தோறும் கொடி பறக்க வேண்டிய முக்கியக் கட்டடங்கள் என்று விதித் தொகுப்பு உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிறைச்சாலை, மாவட்ட மன்றம், நகராட்சி முதலியவற்றைக் குறிப்பிடுகிறது. சிற்றூராட்சி அலுவலகம் அப்பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆகவே, குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் மட்டும் முறையாகக் கொடியேற்றி, அன்று மாலையே முறையாக இறக்கி வைக்கும் ஊராட்சி எவ்விதக் குறையும் உடையதாகாது.

நாள்தோறும் ஏற்றுவதென்று மன்றம் தீர்மானிக்குமாயின் அஃது உயர்ந்த எண்ணமே. ஆனால் தீர்மானம் எழுதுவதற்கு முன் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ஏற்றுபவர் யார்? கார்த்திகை மழையில் மாலை ஆறு மணிக்கு வந்து இறக்குபவர் யார்? இவ்வினாவுக்குப் பெயர் குறிப்பிட்டு விடை சொல்ல இயலாத ஊராட்சி, தேசிய நாட்களில் மட்டும் ஏற்றுவதே நன்று. தொடங்கிவிட்டுக் கைவிட்ட கொடியே நாம் அக்டோபரில் கண்ட கொடி.

கொடியும் கம்பமும்

கொடியின் நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள அளவு 3-க்கு 2 ஆகும். விதித் தொகுப்பில் 9 அளவுகள் வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரியது 6300-க்கு 4200 மில்லிமீட்டர். சிறியதாகிய 150-க்கு 100 மில்லிமீட்டர் மேசை மீது வைப்பதற்குரியது. ஊராட்சி அலுவலகம் போன்ற சிறு கட்டடத்துக்கு 900-க்கு 600, அல்லது 1350-க்கு 900 மில்லிமீட்டர் அளவு போதுமானது என்பது நம் அனுபவம். முன்னது ஏறக்குறைய மூன்றடி நீளமும் இரண்டடி உயரமும் ஆகும். பெரிய கொடி வாங்கி மெலிந்த கம்பத்தில் கட்டினால் காற்றின் வேகத்தைக் கம்பம் தாங்காது.

மேலே காவி, நடுவே வெண்மை, கீழே பச்சை. வெண்பட்டையின் நடுவில் 24 ஆரங்கள் கொண்ட கருநீலச் சக்கரம். இவ்வமைப்பில் மாறுபட்ட கொடியை விலை குறைவென்று வாங்குதல் ஆகாது. கொடியின் மேல் ஊராட்சியின் பெயரையோ, அன்பளிப்பாக அளித்தவர் பெயரையோ, வேறு எவ்வெழுத்தையுமோ எழுதுதல் கூடாது. கதர்க் கொடி விரும்புவோர்க்கு ஒரு செய்தி: கர்நாடகத்தில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் உள்ள கதர்க் கிராமத் தொழிற் சங்கம் இந்தியத் தர அங்கீகாரத்துடன் தேசியக் கொடி நெய்வதற்குப் பெயர் பெற்றது. எல்லைக்கு அப்பால் நெய்த கொடி எல்லைக்கு இப்பால் பறப்பதில் வியப்பில்லை. கொடி இரு பக்கத்தார்க்கும் பொதுவன்றோ!

விழாவுக்கு முதல் நாளே கம்பத்தின் உச்சியிலுள்ள கப்பி சுழல்கிறதா, கயிறு இற்றுப்போகாமல் உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும். காவி நிறம் மேலே வருமாறு கட்டப்பட்டுள்ளதா என்பதை இருவர் தனித்தனியே சரிபார்ப்பது நலம். தலைகீழாய்க் கொடி ஏறிய பின் வருந்திப் பயனில்லை. கொடியை மடித்துக் கட்டும்போது உள்ளே மலரிதழ்களை வைக்கலாமா என்று பலர் வினவுகின்றனர். தேசிய நாட்களிலும் சிறப்பு விழாக்களிலும் வைக்கலாம். விதி அதனை அனுமதிக்கிறது.

ஏற்றும்போது விரைவாக ஏற்ற வேண்டும். இறக்கும்போது மெதுவாக, மரியாதையுடன் இறக்க வேண்டும். அப்போது அங்குள்ளோர் அனைவரும் கொடியை நோக்கி அசையாது நிற்க வேண்டும். காலையில் ஊரே கூடி ஏற்றிய கொடியை மாலையில் ஒருவர் தனியே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போவதை நாம் காண்கிறோம். இறக்கும் நேரத்திலும் மன்றத்தின் சார்பில் இருவரேனும் உடனிருத்தல் நலம். கொடி தரையில் படுதலும், நீரில் நனையக் கிடத்தலும் கூடா. மேசை விரிப்பாகவோ, மேடை அலங்காரத் துணியாகவோ, சிலையை மூடும் திரையாகவோ அதனைப் பயன்படுத்துதலும் கூடாது.

மற்றக் கொடிகளும் எல்லைப்புறமும்

தேசியக் கொடிக்கு மேலாகவோ, அதனினும் உயரமாகவோ, அதற்குப் பக்கத்தில் இணையாகவோ வேறு கொடி எதுவும் இருத்தல் கூடாது. ஒரே கம்பத்தில் தேசியக் கொடியுடன் வேறு கொடியைச் சேர்த்துக் கட்டுதலும் கூடாது. கம்பத்தின் மீது மாலையோ, விளம்பரப் பலகையோ, வேறு பொருளோ வைத்தல் ஆகாது. தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதியில், கம்பம் நட்டுக் கொடுத்த நிறுவனத்தின் கொடியை அருகில் பறக்கவிடும் வழக்கம் தோன்றிவிடக் கூடாது. அன்பளிப்புக்கு நன்றியை மன்றக் கூட்டத்தில் தெரிவிக்கலாம். கம்பத்தில் தெரிவிக்க வேண்டுவதில்லை.

எல்லையோரக் கிராமசபை ஒன்றில் இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறோம் ஐயா. நவம்பர் 1 அன்று ஊராட்சிக் கம்பத்தில் தேசியக் கொடிக்குக் கீழே மஞ்சள் சிவப்புக் கொடியையும் கட்டலாமா?" கேள்வி நேர்மையானது, அதனைச் சினமின்றிக் கேட்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழியே மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது ஓசூர்ப் பகுதி அன்றைய சேலம் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்திலேயே நிலைத்தது. பின்னர் 1965-இல் தருமபுரி மாவட்டத்தையும், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் சார்ந்தது. கோடு எங்கு விழுந்தாலும் கோட்டின் இரு புறத்தும் உறவினர் வாழ்கின்றனர். எனவே அவரவர் மொழிப் பற்று இயல்பானதே.

எனினும் விடை ஒன்றே: கட்டலாகாது. 1970-இல் தமிழ்நாட்டுக்கென ஒரு கொடி வடிவம் முன்மொழியப்பட்டதுண்டு. அது நடைமுறைக்கு வரவில்லை. கர்நாடக அரசும் 2018 மார்ச்சில் ஒரு கொடி வடிவத்தை ஏற்று மத்திய அரசின் ஒப்புதலை நாடியது. மொழிக்குரிய கொடியையோ, கட்சிக்குரிய கொடியையோ தமக்குரிய இடத்தில் பறக்கவிடுவோர் பறக்கவிடட்டும். ஊராட்சிக் கம்பமோ அரசின் கம்பம்; அதில் தமிழ் பேசுவோர்க்கும் கன்னடம் பேசுவோர்க்கும் தெலுங்கு பேசுவோர்க்கும் உருது பேசுவோர்க்கும் பொதுவான கொடி ஒன்றே ஏறும். இவ்விடையைக் கேட்ட அவ்விளைஞர், "அப்படியானால் எந்தக் கட்சிக் கொடியும் அதில் ஏறக்கூடாதல்லவா?" என்று திருப்பிக் கேட்டார். ஆம், ஏறக்கூடாது. விதி ஒருவர்க்கு மட்டும் உரியதாயின் அது விதியாகாது.

கயிற்றை இழுக்கும் கை யாருடையது?

இதுவரை கூறியவை கொடியைப் பற்றியவை. இனிக் கூறுவது கொடியேற்றுபவரைப் பற்றியது; இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது.

1973 வரை மாநிலத் தலைநகரங்களில் சுதந்திர தினத்தன்று ஆளுநரே கொடியேற்றி வந்தார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் தலைவர் அன்று கொடியேற்றுவதே பொருத்தம் என்று தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி மத்திய அரசிடம் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1974 ஆகஸ்டு 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் கொடியேற்றும் உரிமை பெற்றனர். கோட்டைக்குப் பொருந்திய அந்நெறி ஊராட்சிக்கும் பொருந்தும். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரே மன்ற அலுவலகத்தில் கொடியேற்ற உரியவர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் பொறுப்பில் இல்லாத இடைக்காலத்தில் மட்டுமே அப்பணி தனி அலுவலரைச் சாரும்.

ஆனால் நடந்தது என்ன? 2020-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற இயலாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியானதும் மாவட்ட ஆட்சியரே நேரில் சென்றார். ஆகஸ்டு 20 அன்று அத்தலைவர் தம் கையால் கொடியேற்றினார். 2022 ஆகஸ்டில், சாதிப் பாகுபாடு ஏதுமின்றி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் எழுதினார். சுதந்திரம் பெற்று 75 ஆண்டுகள் நிறைவுற்ற நேரத்தில் இத்தகைய கடிதம் எழுத நேர்ந்ததை எண்ணி நாம் அனைவரும் நாண வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. 2015-இல் செய்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஊராட்சியில் தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ள அவ்வினத்தவர் ஒருவரைத் தம் பதவிக்குரிய பணியைச் செய்யவொட்டாமல் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமலும் ஐந்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு. "ஊர் வழக்கம் இப்படி" என்னும் சொல் அச்சட்டத்தின் முன் நில்லாது.

இன்னொன்று. தமிழகத்தில் 2016 முதல் ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. ஓர் ஊராட்சியில் தலைவராகிய அம்மையார் ஓரமாய் நிற்க, அவருடைய கணவர் கயிற்றைப் பற்றியதை நாம் கண்டோம். கூட்டத்தில் ஒருவரும் வியப்படையவில்லை. அதுவே நமக்கு வருத்தமளித்தது. "தலைவர் ஏற்றட்டும்" என்று மட்டும் கூறினோம். அவர் விலகி நின்றார். அம்மையார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வந்து கயிற்றை இழுத்தார். கொடி ஏறியதும் முதலில் கை தட்டியவர்கள் பள்ளிச் சிறுமியர். நூறு சொற்பொழிவுகளால் உணர்த்த இயலாததை அச்சிறுமியர் அந்த ஒரு கணத்தில் கண்டுகொண்டனர் என்று நாம் நம்புகிறோம்.

அரைக்கம்பமும் பிற ஐயங்களும்

ஊர்ப் பெரியவர் மறைந்தால் ஊராட்சிக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா என்று கேட்கின்றனர். மன்றம் தானாக அவ்வாறு செய்தல் கூடாது. குடியரசுத் தலைவர், பிரதமர் போன்றோர் மறைந்தால் நாடெங்கும், ஆளுநர் அல்லது முதலமைச்சர் மறைந்தால் அம்மாநிலமெங்கும் அரசின் அறிவிப்பின்படி கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். 2016 டிசம்பரில் ஜெ. ஜெயலலிதாவும், 2018 ஆகஸ்டில் மு. கருணாநிதியும் மறைந்தபோது தமிழகத்தில் 7 நாள் அரசுத் துக்கம் அனுசரிக்கப்பட்டது. அரைக்கம்பத்தில் பறக்கவிடும்போது முதலில் கொடியை உச்சிவரை ஏற்றி, அதன் பின்னரே பாதிக்குத் தாழ்த்த வேண்டும். மாலையில் இறக்குமுன் மீண்டும் உச்சிக்கு ஏற்றியே இறக்க வேண்டும். அவ்வாறே, அரசு மரியாதையோ படையினர் மரியாதையோ இல்லாத இறுதிச் சடங்கில் உடல் மீது தேசியக் கொடியைப் போர்த்துதலும் கூடாது.

மோட்டார் வாகனத்தில் கொடி கட்டிச் செல்லும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர், நீதிபதி முதலான குறிப்பிட்ட சிலர்க்கே உண்டு. ஊராட்சித் தலைவர்க்கு இல்லை. ஒன்றியத் தலைவர்க்கு இல்லை. நம் ஜீப்புக்கும் இல்லை.

பழுதுற்ற கொடி

இப்போது நம் ஊராட்சிச் செயலரின் அச்சத்துக்கு வருவோம். கிழிந்த கொடியையோ, அழுக்கேறிய கொடியையோ பறக்கவிடுதல் விதிக்கு மாறானது. அதனைப் பொதுப் பார்வையில் படாத இடத்தில், முழுமையாக, எரித்தோ அதன் மதிப்புக்கு ஏற்ற வேறு முறையிலோ அழிக்க வேண்டும் என்று விதித் தொகுப்பே கூறுகிறது. சட்டம் தண்டிப்பது பொது இடத்தில் அவமதிக்கும் நோக்குடன் எரிப்பதை. விதி சொல்வது தனியிடத்தில் மரியாதையுடன் எரிப்பதை. இரண்டும் ஒன்றல்ல. பாதி எரிந்த துண்டை விட்டுவிடுதலும், குப்பையோடு சேர்த்தலும், துடைக்கும் துணியாக்குதலும் ஆகா. சிறுவர் கையில் கொடுத்த காகிதக் கொடிகளுக்கும் இதே நெறி உண்டு. விழா முடிந்ததும் அவற்றைத் தெருவில் எறியாமல் சேகரித்து வைத்து, தனியே அப்புறப்படுத்த வேண்டும்.

அச்செயலரும் நாமும் அன்று மாலை அக்கொடியை இறக்கினோம். அலுவலகத்தின் பின்புறம், ஊராட்சி உறுப்பினர் இருவர் உடனிருக்க, அதனை மடித்து வைத்து நெருப்பிட்டோம். முழுதும் சாம்பலாகும் வரை அனைவரும் நின்றிருந்தோம். அடுத்த மன்றக் கூட்டத்தில் அவர்கள் செய்த ஏற்பாடு பிற ஊராட்சிகளுக்கும் பயன்படும். ஏற்றவும் இறக்கவும் ஒருவர் பெயரும், அவர் வர இயலாத நாளுக்கு மற்றொருவர் பெயரும் பதிவேட்டில் எழுதப்பட்டன. அலுவலகப் பெட்டியில் இரண்டு கொடிகள் வைக்கப்பட்டன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவும். கயிறும் கப்பியும் ஆண்டுக்கு இருமுறை பார்க்கப்படும். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது, வேண்டுவது கவனமே.

நம் மாவட்டத்தின் 10 ஒன்றியங்களிலும் முந்நூறுக்கு மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. அடுத்து வரும் கிராமசபைக்கு முன் ஒவ்வோர் ஊராட்சியிலும் கம்பத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கொடி பழுதின்றி உள்ளதா, கயிற்றை இழுக்க உரியவர் இழுக்கிறாரா, மாலையில் இறக்க ஆள் உண்டா என்னும் மூன்று கேள்விகளையும் கூட்டத்தில் கேளுங்கள். உழவரும் கேட்கலாம், உறுப்பினரும் கேட்கலாம். அக்கொடி அனைவருக்கும் உரியதாதலின், அதனைக் காக்கும் கடமையும் அனைவருக்கும் உரியதே.